செம்பாட்டு மண்: கேள்வியும் பதிலும்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கச் செம்பாட்டு மண் பற்றி வந்த கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

உரும்பிராயிலிருந்து ஒருவர்: ஐயா, இரவு முழுக்க மழை அடித்தாலும் காலையில் தோட்டத்துக்குள் கால் புதையாமல் நடக்கலாம். ஆனால் ஈரத்தில் கையில் எடுத்தால் களிபோல ஒட்டுகிறது. களியென்றால் தண்ணீர் நிற்க வேண்டுமே?

களி இருப்பது உண்மைதான் தம்பி. ஆனால் அந்தக் களித்துகள்களை இரும்பு ஒட்சைட்டு சிறு மணிகளாகப் பிணைத்து வைத்திருக்கிறது. மண் சிவந்திருப்பதும் அதனால்தான். காய்ந்த கட்டி ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள், பொலபொலவென்று குருணையாக உதிரும். அந்தக் குருணைகளுக்கு இடையால் தண்ணீர் இறங்கிவிடுகிறது. அடியில் இருப்பதோ மயோசீன் என்னும் மிகப் பழைய புவிக்காலத்துச் சுண்ணக்கல். அதிலும் வெடிப்பும் பொந்தும்தான். மேற்பகுதி கட்டப்படாத பழைய கிணறு ஏதாவது இருந்தால் எட்டிப் பாருங்கள்: மேலே சிவப்புப் பட்டை, கீழே வெளிறிய கல். சிவப்பு சில இடத்தில் முழ ஆழம்கூட வராது, சில இடத்தில் ஆளுயரத்தைத் தாண்டும். உங்கள் காணியில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பயிரைத் தெரிவு செய்யுங்கள். ஆழம் உள்ள இடத்தில் வாழை, மரவள்ளி. குறைந்த இடத்தில் வெங்காயம் போதும்.

நீர்வேலியிலிருந்து ஒருவர்: காலையில் இறைத்தாலும் வெயில் ஏற மிளகாய் வாடுகிறது. இன்னும் கூட விடலாமா?

கூட விடாதீர்கள், பிரித்து விடுங்கள். இந்த மண்ணால் தண்ணீரை அதிகம் பிடித்து வைத்திருக்க முடியாது. வாய்க்கால் நிறைய விட்டால் பெரும்பகுதி வேரைத் தாண்டிப் போய்விடும். அளவைக் குறைத்து, இடைவெளியையும் குறையுங்கள். வசதி இருந்தால் சொட்டு நீர் போடுங்கள். பாத்திக்கு வைக்கோல் மூடாக்கு அவசியம்.

அப்புறம், கிணற்றையும் நினைக்க வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அந்த நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே என்ன ஆகும் என்று பாருங்கள். துலா என்னும் கிணற்று ஏற்றத்தை மிதித்து இறைத்த காலத்தில் மனித உடம்பே அளவு வைத்தது. இப்போது பம்பியை நிறுத்துவது நம் பொறுப்பு.

புத்தூரிலிருந்து ஒருவர்: இளம் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறவில்லை.

மாறாது. நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலை. இது இரும்புக் குறைபாடு போலத்தான் தெரிகிறது. மண்ணில் இரும்பு நிறைய உண்டு, ஆனால் சுண்ணாம்புத் தன்மை அதைக் கட்டி வைத்துவிடுகிறது. ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பைக் கரைத்து மாலையில் இலைக்குத் தெளித்துப் பாருங்கள். நிரந்தரமான வழி மாட்டெருவும் குழையும்தான். நம் ஊர் வெக்கையில் இப்படி மண்ணில் சேரும் சேதனப் பொருள் வேகமாக எரிந்துபோகும், ஆகவே ஒருமுறை போட்டுவிட்டு ஓய முடியாது. பூவரசங்குழையும் பனையோலையும் மண்ணுக்குள் தாழ்த்திய பழைய வழக்கம் இந்த மண்ணுக்கென்றே வந்த வழக்கம். அதை விட்டுவிட வேண்டாம்.

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்: வீட்டுக் கிணறு தோட்டத்துக்குப் பக்கத்தில். நான்கு மாதக் குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாவிக்கலாமா?

பரிசோதிக்கும்வரை வேண்டாம் பிள்ளை. பயிர் எடுக்காமல் மிஞ்சும் யூரியா நைத்திரேற்றாக மாறி, தண்ணீரோடு நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. மலக்குழியிலிருந்தும் அப்படித்தான். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலிகாமத்தில் அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் பல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதை இது தடுக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். உடனே வேறு தண்ணீருக்கு மாறிவிட்டு, கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

தோட்டக்காரருக்கும் இதிலேயே சொல்கிறேன்: யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பயிர் வளர வளரச் சிறிது சிறிதாகப் போடுங்கள், போட்டவுடன் வெள்ளமாக இறைக்காதீர்கள். இன்னொருவர் வீட்டுப் பிள்ளை குடிக்கிற தண்ணீர் அது.

கனடாவிலிருந்து ஒருவர்: அச்சுவேலியில் அப்பாவின் ஆறு பரப்புத் தோட்டக் காணி. நெல் விதைக்கலாமா? இல்லையென்றால் மண்ணைப் பள்ளம் நிரவ விற்றுவிட்டு வீடு கட்டலாமா?

நெல்லுக்குச் சரிவராது, தண்ணீர் கட்டி நிற்காது. மண்ணை மட்டும் விற்காதீர்கள். அள்ளினால் மிஞ்சுவது வெறும் கல். உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது தோட்டமாகாது. மழைநீரை வாங்கிக் கிணற்றுக்குக் கொடுக்கும் நிலமும் அதுதான். வீடு கட்டியே ஆக வேண்டுமென்றால், மண் ஆழம் குறைந்த மூலையைப் பார்த்துக் கட்டுங்கள். மலக்கழிவுக்கு அடியும் பக்கமும் பூசிய தொட்டி வைத்து, நிரம்ப நிரம்ப பவுசர் வண்டியில் எடுப்பியுங்கள். மிச்சத்தைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் குத்தகைக்குக் கொடுங்கள். வருடா வருடம் எரு போட வேண்டும் என்று குத்தகை உறுதியிலேயே எழுதிவிடுங்கள்.