‘கே’ யாருடையது?

அன்புள்ள ஐயா,

மகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பொட்டாசியத்தின் குறியீடு ‘கே’. வெப்பநிலையின் அலகும் ‘கே’. எக்ஸ் கதிர் பாடத்தில் ‘கே’ கூடு. போதாததற்கு வைட்டமின் ‘கே’ வேறு. இவற்றுக்குள் ஏதாவது உறவு உண்டா? இல்லையென்றால் அறிஞர்கள் கூடிப் பேசி ஓர் எழுத்துக்கு ஒரு பொருள் என்று ஏன் முடிவு செய்துவிடக் கூடாது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சொன்ன நான்குக்குள் ஓர் உறவும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் வந்து ஒரே எழுத்தில் நிற்கின்றன.

பொட்டாசியத்தை 1807இல் பிரித்தெடுத்த ஹம்ப்ரி டேவி, பொட்டாஷ் என்ற சாம்பல் உப்பிலிருந்து அந்தப் பெயரை வைத்தார். ஜெர்மன் வேதியியலாளர்களுக்கு அது ‘காலியம்’. அரபு மொழியில் செடிச் சாம்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் டேவியின் பெயர் வென்றது, குறியீட்டில் காலியம் வென்றது. இன்றுவரை மாணவர்கள் இந்தச் சமரசத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். வைட்டமினின் கதை எளிது. இரத்தம் உறைவதற்கு அது தேவை என்று கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம். உறைதலுக்கான சொல் அவர் மொழியில் ‘கே’யில் தொடங்குகிறது.

எனக்குப் பிடித்தது எக்ஸ் கதிரின் ‘கே’தான். இயற்பியலாளர் சார்லஸ் பார்க்லா தாம் கண்ட இரண்டு வகை எக்ஸ் கதிர்களுக்கு முதலில் ‘ஏ’, ‘பி’ என்றே பெயரிட்டார். பிறகு, இவற்றைவிட ஊடுருவும் ஆற்றல் மிகுந்த கதிர்களும் இருக்கக்கூடும், அவற்றுக்கு முன்னால் இடம் வேண்டும் என்று எண்ணி, 1911இல் ‘கே’, ‘எல்’ என்று மாற்றினார். வருவோருக்காக முன்வரிசையை ஒதுக்கிவைத்தார், யாரும் வரவில்லை. கதிரின் பெயரே அது பிறக்கும் எலக்ட்ரான் கூட்டுக்கும் ஒட்டிக்கொண்டது; ‘கே’தான் அணுவின் உட்கோடிக் கூடு. ‘ஏ’ முதல் ‘ஜே’ வரை இன்னும் காலி.

வெப்பநிலையின் ‘கே’ கெல்வின் பிரபுவுடையது. கிளாஸ்கோவில் அவர் கற்பித்த பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் ஆற்றின் பெயர் மனிதருக்குப் போய், அவர் பெயர் அலகுக்குப் போயிற்று. உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் உறவு இங்கேதான் இருக்கிறது. வெப்பநிலையைத் துகள்களின் ஆற்றலோடு இணைக்கும் எண்ணான போல்ட்ஸ்மன் மாறிலியின் குறியீடு சிறிய ‘கே’. வியன்னாவில் போல்ட்ஸ்மனின் கல்லறையில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அந்த எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க். 2019 மே முதல், அந்தச் சிறிய ‘கே’யின் மதிப்பை நிலையாக வைத்துத்தான் பெரிய ‘கே’யை, அதாவது கெல்வினை, வரையறுக்கிறார்கள். அச்சில் மாறிலியைச் சாய்வெழுத்திலும் அலகை நேரெழுத்திலும் இடும் மரபு வெறும் அலங்காரமன்று என்று மகளுக்குச் சொல்லலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இருப்பது 26 எழுத்துகள். தனிமங்கள் மட்டுமே 118. கிரேக்க எழுத்துகளைக் கடன் வாங்கியும் போதவில்லை. ஆகவே ஒவ்வொரு துறையும் தன் வீட்டுக்குள் சண்டை வராமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலச் சதுரங்கக் குறிப்பில் ராஜா ‘கே’யை எடுத்துக்கொண்டதால், ஆங்கிலப் பெயர் அதே எழுத்தில் தொடங்கும் குதிரைக்கு ‘என்’ கிடைத்தது. புரதங்களின் கட்டுமானப் பொருள்களான அமினோ அமிலங்களில் ‘எல்’ லியூசினுக்குப் போய்விட, லைசினுக்கு அதன் பக்கத்து எழுத்தான ‘கே’யைக் கொடுத்தார்கள். வானியலாளர்கள் சூரிய நிறமாலையில் ‘கே’ கோடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதை உண்டாக்குவது பொட்டாசியமன்று, கால்சியம்! இதனால் எந்த வானியலாளரும் குழம்பியதாகத் தெரியவில்லை. கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய அளவுக்கு இது பெரிய சிக்கலுமில்லை என்பது என் எண்ணம்.

இரண்டு ‘கே’க்கள் ஒரே காகிதத்தில் வரக்கூடிய இடத்தில்தான் கவனம் வேண்டும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சோடியம், குளோரைடுக்கு அருகில் தனியாக நிற்கும் ‘கே’ பொட்டாசியம். இதயத் துடிப்போடு தொடர்புடையது. வைட்டமின் ‘கே’ வேறு. வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கு இந்த வைட்டமினின் அளவு முக்கியம். மருத்துவரிடம் கேட்கும்போது எழுத்தைச் சொல்லாமல் முழுப் பெயரையே சொல்லுங்கள்.