பிளாஷ் கேள்வி பதில்: எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது?

கேள்வி: உச்சி வெயிலில் கடற்கரையில் எடுத்த குடும்பப் படத்தில் எல்லார் முகமும் கறுத்துப் போனது. கேமரா ஆட்டோ பிளாஷில்தான் இருந்தது சார்.

ஆட்டோவில் விட்டதுதான் காரணம். சுற்றிலும் வெளிச்சம் நிறைய இருப்பதால் பிளாஷ் தேவையில்லை என்று கேமரா முடிவு செய்துவிடும். தலைக்கு மேல் நிற்கும் சூரியன் கண்குழியிலும் மூக்கின் கீழும் போடும் நிழல் அதன் கணக்கில் வராது. மின்னல் குறியோடு 'ஏ' எழுத்து இருந்தால் அது ஆட்டோ. மின்னல் மட்டும் இருக்கும் மோடை வையுங்கள், கட்டாயம் அடிக்கும். வெயிலோடு போட்டி போட வேண்டியிருப்பதால் இரண்டு மீட்டருக்குள் நின்று எடுங்கள். என்னைக் கேட்டால், பிளாஷ் இருட்டை விடப் பகலில்தான் அதிகம் உதவும்.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எந்த மோட் சரி?

நிறுத்திவிடுங்கள். கேமராவோடு வரும் சின்ன பிளாஷின் பலத்தைக் காட்டும் வழிகாட்டி எண் சுமார் 12 இருக்கும். அதை அபர்ச்சர் (லென்ஸ் துளை) எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் கிடைக்கும்: ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் எஃப் 4 என்றால் 3 மீட்டர். ஐஎஸ்ஓ 400-க்கு ஏற்றினாலும் 6 மீட்டர்தான். முன்வரிசைக்காரர்களின் பின்னந்தலை பளிச்சென்று விழும், மேடை இருண்டுவிடும். ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200 வைத்து மேடை விளக்கிலேயே எடுங்கள்.

கேள்வி: அண்ணா, கார்த்திகை தீபத்தன்று அகல் வரிசைக்கு முன்னால் மகளை நிறுத்தி எடுத்தேன். பிளாஷ் போட்டால் விளக்குகள் மங்கிவிடுகின்றன, போடாவிட்டால் படம் ஆடிவிடுகிறது.

இதற்காகவே இருப்பது ஸ்லோ சிங்க் என்ற பிளாஷ் மோட். சாதாரண பிளாஷ் மோடில் ஷட்டர் 1/60 நொடி போலத்தான் திறக்கும். அகல் சுடருக்கு அது போதாது. ஸ்லோ சிங்கில் கால் நொடி, அரை நொடி கூடத் திறந்திருக்கும். பிளாஷ் ஒரு கணம் மின்னி முகத்தைப் பிடித்துவிடும், மிச்ச நேரத்தில் சுடர்கள் பதியும். கேமராவை ட்ரைபாடிலோ திண்ணையிலோ வையுங்கள். பிளாஷ் மின்னியதும் குழந்தை நகர்ந்துவிடும், ஆவி போல ஒரு நிழல் விழும். "நான் சொல்லும்வரை அசையாதே" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நிறம். சுடர் மஞ்சள், பிளாஷ் வெள்ளை. பிளாஷ் அளவை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறைத்து, அதன் மேல் ஆரஞ்சு நிற ஜெலட்டின் தாள் ஒட்டிப் பாருங்கள். முகமும் விளக்கும் ஒரே வெளிச்சத்தில் இருப்பது போல வரும். எனக்கு மிகவும் பிடித்த படங்கள் இப்படி எடுத்தவைதான்.

கம்பி மத்தாப்போடு ஓடும் பிள்ளையை எடுப்பதானால் ரியர் கர்ட்டன் என்ற மோடை வையுங்கள். ஷட்டர் மூடும் முன் பிளாஷ் அடிப்பதால் ஒளிக்கோடு பிள்ளைக்குப் பின்னால் விழும்.

கேள்வி: கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிலையை எடுக்க?

பிளாஷ் வேண்டாம். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள்.

கேள்வி: என் குழந்தைக்குக் கண் சிவப்பாக விழுகிறது. கண் சிவப்பைக் குறைக்கும் மோட் போட்டால் சிரிப்பு போய்விடுகிறது.

லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து போகும் ஒளி, விரிந்த கண்மணி வழியே உள்ளிருக்கும் ரத்த ஓட்டத்தில் பட்டுத் திரும்புவதுதான் அந்தச் சிவப்பு. அந்த மோட் முதலில் ஒரு வெளிச்சம் காட்டிக் கண்மணியைச் சுருக்குகிறது. அந்தத் தாமதத்தில்தான் சிரிப்பு போகிறது. அறை விளக்குகளை எல்லாம் போட்டுவிடுங்கள், கண்மணி தானே சுருங்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சிவப்புக்குப் பதிலாக ஒரு கண்ணில் வெள்ளையாக விழுவது சில சமயம் கோணத்தாலும் வரும். ஆனால் பல படங்களில் திரும்பத் திரும்ப அப்படி வந்தால், விழித்திரைப் புற்று உட்பட சில கண் நோய்களின் அறிகுறியாக இருக்கலாம். படங்களை எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.