வியூஸ் 300-ஐத் தாண்டவில்லை... காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கலாமா?

கேள்வி: எனக்குத் தையல் நன்றாகத் தெரியும். இரண்டு மாதமாக இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் வீடியோ போடுகிறேன். தைத்து முடித்த உடைகளைப் பாட்டோடு காட்டுகிறேன். எதுவும் 300 வியூஸைத் தாண்டவில்லை. எந்த மாதிரி வீடியோ போட்டால் ஆட்கள் வருவார்கள்? பணமும் கணக்கின் பாஸ்வேர்டும் கொடுத்தால் ஒரே மாதத்தில் 10,000 ஃபாலோயர் சேர்த்துத் தருவதாகவும், அதன் பிறகு வியூஸ் தானாக ஏறும் என்றும் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணமும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். அந்த ஆளுக்கு இனி பதிலே அனுப்பாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் வீடியோவைப் பார்ப்போம்.

தைத்து முடித்த உடையைப் பாட்டோடு காட்டினால் உங்களைத் தெரிந்தவர்கள் லைக் போடுவார்கள். தெரியாதவர் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ரீல்ஸும் ஷார்ட்ஸும் உங்கள் வீடியோவை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கின்றன. அவர்களில் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், கடைசிவரை பார்த்தார்களா, வேறு யாருக்காவது அனுப்பினார்களா என்பதை வைத்துத்தான் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று முடிவாகிறது. பார்த்த நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது ஆகிய மூன்றுக்கும்தான் அதிக எடை என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே 2025-இன் தொடக்கத்தில் சொல்லியிருக்கிறார். புது ஆட்களைச் சென்றடைய, அனுப்புவதற்குக் கூடுதல் மதிப்பு என்றும் சொன்னார். இப்போது யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் தைத்த உடையை யார் யாருக்கு அனுப்புவார்கள்? ஆனால் "உன் மெஷினிலும் இதே தொல்லைதானே, இதைப் பார்" என்று தோழிக்கு அனுப்புவார்கள்.

அதனால் ஐடியாவைத் தேடி ட்ரெண்டிங் பட்டியலுக்குப் போகாதீர்கள். தையல் பழகுகிறவர் எங்கே முட்டி நிற்கிறார் என்று பாருங்கள். ஒரு தாளில், இதுவரை உங்களிடம் மற்றவர்கள் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். 'மெஷின் ஏன் நூலை அறுத்துக்கொண்டே இருக்கு?' 'ஜிப் வைத்தால் ஏன் அலை அலையாக நிற்குது?' 'அளவு எடுத்துத்தான் வெட்டினேன், தைத்ததும் ஏன் இறுக்கமாகிடுச்சு?' ஒரு சந்தேகத்துக்கு ஒரு வீடியோ. இரண்டைச் சேர்த்தால் இரண்டும் கெடும். இருபது சந்தேகம் எழுத முடிந்தால் இருபது வீடியோவுக்கான சரக்கு கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வீடியோவை நொடிக் கணக்கோடு போட்டுக் காட்டுகிறேன். துணியின் அடிப்பக்கம் நூல் கொத்தாகச் சிக்குவது எல்லாப் புதியவருக்கும் வரும் தொல்லை. எல்லோரும் பாபினைத்தான், அதாவது அடிநூல் சுற்றிய சின்ன உருளையைத்தான், குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. வீடியோவின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

முதல் 2 நொடி: துணியைத் திருப்பி, சிக்கிய நூல் கொத்தைத் திரை நிறையக் காட்டுங்கள். 'அடியில் நூல் சிக்குதா? தப்பு மேலே இருக்கு' என்று எழுத்து வரட்டும். வணக்கம், சேனல் பெயர், உங்கள் முகம் எதுவும் இங்கே வேண்டாம். 2 முதல் 7 வரை: ஒரு கை பாபினை எடுத்து மாற்றுகிறது, மறுபடி தைத்தால் மறுபடி அதே சிக்கல். 7 முதல் 15 வரை: காரணம். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் கீழே இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. இழுவை இல்லாத மேல்நூல் தளர்ந்து போய் அடியில் கொத்தாகும். தட்டுகளுக்கு மிக அருகே கேமராவைக் கொண்டுபோங்கள். 15 முதல் 22 வரை: ஃபுட்டைத் தூக்குங்கள், நூலை முழுக்க உருவி மறுபடி கோத்துவிடுங்கள், ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துக் காட்டுங்கள். பிடித்து இழுப்பது போல் கனமாக வந்தால் நூல் சரியாக உட்கார்ந்துவிட்டது. 22 முதல் 27 வரை: அதே துணியில் பக்கத்திலேயே ஒரு தையல், திருப்பினால் சுத்தமான அடிப்பக்கம். அங்கேயே வெட்டிவிடுங்கள். 'பிடித்திருந்தால் லைக் பண்ணுங்க' என்று ஆரம்பித்ததுமே ஆள் போய்விடுவார், அவர் போனது உங்கள் கணக்கில்தான் ஏறும்.

இதற்குப் பேச்சு 50 முதல் 60 சொற்களுக்குள் அடங்க வேண்டும். எழுதுங்கள், வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வெட்டுங்கள். பேச்சைத் தனியாக, மெஷினை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்து பிறகு வீடியோவில் சேருங்கள். மெஷின் ஓடும்போதே பேசினால் ஒரு சொல்லும் புரியாது.

படம் எடுப்பதில் தையல்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மெஷின் இருக்கும் மேஜையிலேயே போன் ஸ்டாண்டையும் வைப்பார்கள். மெஷின் அதிர, படமும் அதிரும், போன் ஃபோகஸைத் தேடித் தேடி அலையும். ஸ்டாண்டைத் தரையில் அல்லது வேறு மேஜையில் வையுங்கள். ஊசி இருக்கும் இடத்தைத் திரையில் விரலால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். நேர் மேலிருந்து விழுந்தால் தையல் தட்டையாகத் தெரியும், உங்கள் கை நிழலும் அதன்மேல் விழும். செயல்விளக்கத்துக்குத் துணி ஒரு நிறம், நூல் அதற்கு நேரெதிர் நிறம். நிஜமாகத் தைக்கும்போது பொருத்தமான நூல்தான் போடுவோம், இங்கே அது கண்ணுக்குத் தெரியாது. நிமிர்ந்த படம்தான் வேண்டும், அளவு 1080-க்கு 1920 பிக்சல். கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் ஆப்பின் பட்டன்களும் கேப்ஷனும் மறைத்துவிடும், அதனால் எழுத்தை நடுவிலோ சற்று மேலோ போடுங்கள்.

சந்தேகம் தீர்க்கும் வீடியோ தவிர இன்னும் சில அச்சுகள் உங்களுக்குப் பொருந்தும். ஒரே துணியில் இடது பக்கம் தவறான தையல், வலது பக்கம் சரியான தையல் என ஒப்பிட்டுக் காட்டுவது. கிழிந்த பாக்கெட்டை எடுத்துச் சரிசெய்து முடிப்பது. ஒரு கருவியின் தெரியாத பயன்: பட்டனுக்கு அடியில் தீக்குச்சி வைத்துத் தைத்து, பிறகு அதை உருவினால் தடித்த துணிக்குத் தேவையான இடைவெளி கிடைக்கும் என்பது போல. கமென்டில் யாராவது கேள்வி கேட்டால் அதற்கே வீடியோவாகப் பதில் போடுங்கள். அந்தக் கமென்டைத் திரையிலேயே ஒட்டிக் காட்டும் வசதி ரீல்ஸ், ஷார்ட்ஸ் இரண்டிலும் இருக்கிறது. ஒரு கமென்ட் வந்தாலும் போதும், அது தானாக வந்த ஐடியா.

ஷார்ட்ஸில் 2024 அக்டோபர் 15 முதலும், ரீல்ஸில் 2025 ஜனவரி முதலும் 3 நிமிடம் வரை போடலாம். அனுமதி இருக்கிறதே என்று நீட்டாதீர்கள். தொடக்கத்தில் 20 முதல் 40 நொடி. ஒரே வீடியோவை இரண்டு இடத்திலும் போடலாம், ஆனால் ஒன்றிலிருந்து டவுன்லோடு செய்து மற்றதில் ஏற்றக் கூடாது. வேறு ஆப்பின் லோகோ தெரியும் வீடியோக்களைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021-லேயே அறிவித்துவிட்டது. எடிட் செய்த மூலக்கோப்பைப் போனில் வைத்து, அங்கிருந்து இரண்டிலும் தனித்தனியாக ஏற்றுங்கள். ஆர்டர் பிடிக்க பிசினஸ் கணக்கு வைத்திருந்தால் காப்பிரைட் சிக்கல் வரும், சினிமாப் பாட்டை விட்டுவிடுங்கள். உங்கள் குரலே போதும்.

வீடியோ போட்ட பிறகு வியூஸ் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும், ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். ஒரு நொடியில் தள்ளிவிட்டவரும் அதில் அடக்கம். பணம் கணக்கிட மட்டும் பழைய முறையிலான எண்ணை வேறொரு பெயரில் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். ஊருக்குக் காட்ட ஓர் எண், உள்ளே கணக்குப் பார்க்க இன்னோர் எண் என்று வைத்தால் புதிதாக வருபவர் எதை நம்புவது? இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டார்கள் என்ற விகிதத்தையும், எந்த நொடிவரை பார்வையாளர் தங்கினார்கள் என்று காட்டும் வரைபடக் கோட்டையும்தான். கோடு முதல் 2 நொடியிலேயே சரிந்தால் தொடக்கப் படம் சரியில்லை. நடுவில் ஓரிடத்தில் சரிந்தால் அங்கே பேச்சு இழுக்கிறது. கடைசி வரை சமமாக ஓடியும் வியூஸ் இல்லையென்றால் வீடியோவை அழிக்காதீர்கள். அதே சந்தேகத்துக்கு வேறொரு தொடக்கப் படம் வைத்து, சில வாரம் கழித்துப் புதிதாக எடுத்துப் போடுங்கள்.

இனி அந்த 10,000 ஃபாலோயர் விஷயம். அவர் சேர்ப்பது மனிதர்களை அல்ல. பெரும்பாலும் மென்பொருள் உருவாக்கிய கணக்குகளும் கைவிடப்பட்ட கணக்குகளும்தான். அவை உங்கள் வீடியோவைப் பார்க்காது, யாருக்கும் அனுப்பாது, துணி தைக்கவும் கொடுக்காது. எண் மட்டும் நிற்கும், அதுவும் போலிக் கணக்குகளை நீக்கும் அடுத்த களையெடுப்பு வரைதான். 'நீ எனக்கு சப்ஸ்கிரைப் பண்ணு, நான் உனக்குப் பண்றேன்' என்ற குரூப்புகளும் இதே ரகம். இரண்டுமே போலி ஈடுபாடு என்று யூடியூப் விதியில் தடைசெய்யப்பட்டவை. மாட்டினால் தண்டனை உங்கள் சேனலுக்கு, விற்றவருக்கு இல்லை. ஃபாலோயர் ஏறினால் பணம் வரும் என்பதும் அரைகுறைப் பேச்சு. ஷார்ட்ஸ் மூலம் விளம்பரப் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபருடன் 90 நாளில் 1 கோடி தகுதியான பார்வைகள் வேண்டும். நீள வீடியோ வழியில் போனால் 12 மாதத்தில் 4,000 மணி நேரம் வேண்டும், ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடியது அதில் சேராது. விளம்பரம் கொடுத்து ஓட்டிய நேரமும் சேராது. இதை எந்த ஏஜென்டும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

பாஸ்வேர்டு கேட்கிறாரே, அதுதான் பெரிய ஆபத்து. உள்ளே நுழைந்ததும் மீட்பு ஈமெயிலையும் போன் எண்ணையும் மாற்றிவிட்டால் கணக்கு அவருடையது. அதன் பிறகு நீங்கள் முறையிட்டால் வருவது பெரும்பாலும் தானியங்கிப் பதில்கள்தான். உங்கள் கணக்கு உங்களுடையது என்று நிரூபிக்க ஒரு மனிதரோடு பேசக்கூட வழியில்லாமல் ஆட்கள் அல்லாடுகிறார்கள். இத்தனை கோடிப் பேர் பிழைப்பை நம்பி வைத்திருக்கும் இடத்தில் இந்த அலட்சியம் மன்னிக்கக்கூடியது அல்ல. அதனால்தான் தடுப்பு முழுவதையும் நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதே கூட்டம் வேறு வேடத்திலும் வரும். 'உங்கள் வீடியோ காப்பிரைட்டை மீறியது, 24 மணி நேரத்தில் கணக்கு மூடப்படும்' என்று லிங்க் வரும். உண்மையாகவே இன்ஸ்டாகிராம் அனுப்பிய மெயில்களின் பட்டியல் ஆப்பின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. அதில் இல்லையென்றால் பொய். இன்னொன்று, பெரிய கம்பெனியின் பெயரில் விளம்பர ஒப்பந்தம் என்று இணைப்புக் கோப்பு வரும். கணினியில் அதைத் திறந்தால் பாஸ்வேர்டு இல்லாமலே உங்கள் லாகினைத் திருடும் நிரல் இறங்கிவிடும். பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு போட்டிருந்தாலும் இதில் தப்ப முடியாது.

நிஜமாகவே உதவிக்கு ஆள் வைக்கிறீர்கள், எடிட்டர் நேர்மையானவர், அவரே வீடியோவை ஏற்றினால் வேலை மிச்சம் என்றால் என்ன செய்வது? இதை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்லவரிடம் பாஸ்வேர்டு கொடுத்துத்தான் பலர் கணக்கை இழக்கிறார்கள். அவர் நல்லவராகவே இருப்பார், அவருடைய கணினி பாதுகாப்பாக இருக்காது. யூடியூபில் பாஸ்வேர்டே தேவையில்லை. கணினியில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய், அவருடைய ஈமெயிலுக்கு அழைப்பு அனுப்புங்கள். அவர் தன் சொந்த லாகினிலேயே வேலை செய்வார். பொறுப்பு கேட்கும்போது 'மேனேஜர்' கொடுக்காதீர்கள். மேனேஜர் வேறு ஆட்களையும் உள்ளே சேர்க்க முடியும். 'எடிட்டர்' கொடுங்கள். அவர் வீடியோ ஏற்றலாம், மாற்றலாம், ஆனால் யாரையும் சேர்க்கவோ நீக்கவோ சேனலை அழிக்கவோ முடியாது. வருமானமும் அவர் கண்ணில் படக்கூடாது என்றால் 'வரம்புக்குட்பட்ட எடிட்டர்' என்று ஒன்று இருக்கிறது. வேலை முடிந்த அன்றே அதே பகுதியில் அவர் பெயரை எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இன்ஸ்டாகிராமில் எடிட் செய்த கோப்பை உங்களுக்கு அனுப்பச் சொல்லி, நீங்களே ஏற்றுங்கள். ஒரு நிமிட வேலை.

ஒருவேளை பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் கணக்கோடு இணைந்த ஈமெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் எல்லாப் பூட்டுக்கும் சாவி அங்கேதான் வருகிறது. பிறகு இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு. அடுத்து எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்பு ஈமெயில், போன் எண் இரண்டும் உங்களுடையவைதானா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். கணக்கோடு இணைக்கப்பட்ட தெரியாத ஆப்களை நீக்குங்கள். கடைசியாக இருபடிச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில், போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் அங்கீகார ஆப்பில் போட்டு, அது தரும் காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். போனிலேயே ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால் போன் தொலைந்த அன்று அவை பயன்படாது.