ஸ்டீபன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அதன் பொருள் என்ன?

என் பெயரே ஸ்டீபன் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை.

மூலம் 'ஸ்தெஃபனோஸ்' என்ற கிரேக்கச் சொல். 'கிரீடம்' என்று பொருள் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் கிரீடம் என்றதும் நமக்குத் தங்கமும் வைரமும்தான் நினைவுக்கு வரும். ஸ்தெஃபனோஸ் என்பது தலையைச் சுற்றிக் கட்டும் இலைவளையம். ஒலிம்பியாவில் வென்றவனுக்குக் காட்டு ஒலிவ இலையில் கட்டிச் சூட்டினார்கள். அரசர்கள் தலையில் கட்டிய பட்டைக்குத் 'தியாதேமா' என்று வேறு சொல் இருந்தது. தமிழில் இதற்கு நெருக்கமான சொல் வாகைதான். வென்றவர்கள் வாகைப்பூ சூடியதால்தானே இன்றும் விளையாட்டுச் செய்தியில் 'வாகை சூடியது' என்று எழுதுகிறோம்!

பைபிளில், அப்போஸ்தலர் பவுல் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 9ஆம் அதிகாரத்தில், பந்தயத்தில் ஓடுகிறவர்கள் 'அழிவுள்ள கிரீடத்தை'ப் பெறப் பாடுபடுவதாக வரும். கிரீடம் எப்படி அழியும் என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். அங்கே உள்ள சொல் ஸ்தெஃபனோஸ். இலை, வாடிவிடும். கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன, அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது. இயேசுவின் தலையில் வைத்த முள்முடிக்கும் சுவிசேஷங்களில் இதே சொல்தான்.

ஆள்பெயராக இது பைபிளுக்கு முன்பே உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்சில், புகழ்பெற்ற பேச்சாளர் தெமொஸ்தெனீஸ் பெயரில் உள்ள வழக்குரைகளில் இரண்டு, ஸ்தெஃபனோஸ் என்பவருக்கு எதிரானவை.

ஆனால் உலகமெல்லாம் பரவியது ஒருவரால்தான். எருசலேமில் இருந்த முதல் கிறிஸ்தவ சபையில், கிரேக்கம் பேசிய யூதர்களின் விதவைகளை அன்றாடப் பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள், முதல் பெயர் ஸ்தேவான், ஸ்தெஃபனோஸ் தமிழ் பைபிளில் இப்படித்தான் வரும். பிறகு அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். எறிந்தவர்கள் தங்கள் மேலாடைகளைக் கழற்றி வைத்தது சவுல் என்ற வாலிபனின் காலருகே, அவரே பின்னாளில் பவுல். கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த முதல் ஆள், அதாவது முதல் இரத்தசாட்சி என்பதால் மேற்கத்திய சபைகளில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, ஸ்தேவானின் திருநாள்.

அப்புறம் அரசர்கள் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வாய்க் என்ற பெயரில் பிறந்த ஹங்கேரிய இளவரசர், இஷ்த்வான் என்ற ஞானஸ்நானப் பெயரோடு 1000ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டின் முதல் மன்னராக முடிசூடினார். செர்பியாவின் நெமானிச் வம்ச மன்னர்கள் தலைமுறை தலைமுறையாக ஸ்தெஃபான் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். இலைவளையம் அங்கே நிஜமாகவே மணிமுடி ஆகிவிட்டது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். அவர்கள் சில பெயர்களின் பொருளையே தமிழாக்கினார்கள். பவுல் என்றால் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் கடவுள் அருளுள்ளவர், அதனால் அருளப்பர். ஸ்தேவான் முடியப்பர் ஆனார்.

என் தாத்தா பெயர் முடியப்பன். 'தாத்தா பெயரை ஏன் எனக்கு வைக்கவில்லை?' என்று ஒருமுறை அப்பாவிடம் கோபித்துக்கொண்டேன். அப்பா சிரித்துவிட்டு, 'அதைத்தானே வச்சிருக்கோம்' என்றார்.