ஏழு மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்குப் பல்செட் நிற்கவில்லை, புதிது செய்யலாமா?

மூன்று வருடம் ஒழுங்காக இருந்த மேல் செட் இப்போது பேசும்போதே கழன்று விழுகிறது என்கிறீர்கள். உடனே புதிது செய்யாதீர்கள். முதலில் வாயில் எச்சில் இருக்கிறதா பாருங்கள்.

மேல் செட்டை அண்ணத்தோடு ஒட்டவைப்பது இடையிலுள்ள மெல்லிய எச்சில் படலம். அது வற்றினால் எவ்வளவு கச்சிதமான செட்டும் நிற்காது. கன்னத்தின் உட்பக்கம் விரலை இழுத்துப் பாருங்கள். வழுக்காமல் ஒட்டினால், நாக்கடியில் எச்சில் தேங்காமல் நுரையாக இருந்தால், வாய் வறண்டிருக்கிறது. மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரை, வாயை வறளவைப்பதில் இவைதான் முதல் வரிசை. கூடவே நீர் மாத்திரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்; பட்டியலைக் காட்டி, மாற்று உண்டா, அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கத்தான் சொல்கிறேன்.

பல பல் கிளினிக்குகளில் நிரப்பும் தாளில் மருந்துக்கென்று இருப்பது ஒரே ஒரு கோடு. ஏழு மாத்திரை அதில் எங்கே அடங்கும்? 'பிரஷர், சுகர்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு செட்டை மட்டும் ராவிக்கொண்டே இருக்கிறார்கள்.

கழற்றியதும் அண்ணம் செட்டின் அச்சிலேயே சிவந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. வறட்சி, ராத்திரியும் கழற்றாதது, ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் கொப்பளிக்காதது எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. இதற்கு மைக்கோனசோல் ஜெல் வாங்கும் முன் பட்டியலில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் இருக்கிறதா பாருங்கள். வாயில் தடவுவதுதானே என்பார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ஏறி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். இன்னொரு பூஞ்சை மருந்தான நிஸ்டாட்டினில் அந்தத் தொல்லை இல்லை.

எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் எடுப்பவரென்றால், செட் உரசிய புண்ணைத் தானாக ஆறும் என்று விடாதீர்கள். தாடை எலும்பே வெளியே தெரியுமளவுக்குப் போகலாம். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

ராத்திரி கழற்றி, சோப்பும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். வெந்நீரில் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வளையும், பற்பசை கீறும். ஒட்டும் பசை பட்டாணி அளவில் மூன்று பொட்டு போதும், துத்தநாகம் இல்லாததாக. செட்டை மாட்டும் முன் ஒரு வாய் தண்ணீர். வறண்ட வாயில் பசையும் பிடிக்காது. எச்சில் ஊற எலுமிச்சை மிட்டாய் கொடுக்காதீர்கள், மிச்சமிருக்கும் பல்லை அரித்துவிடும். சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் போட்ட மிட்டாய் பரவாயில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஆடினால் ஈறுக்கு அடியிலுள்ள எலும்பு கரைந்திருக்கும். அப்போதும் முதலில் ரீலைன், அதாவது செட்டின் உட்பக்கத்தை மட்டும் இப்போதைய ஈறுக்கு ஏற்றபடி புதுப்பிப்பது, செய்யமுடியுமா என்று கேளுங்கள்.