இரண்டு கணக்கிலும் விட்டுப்போனவர்கள்

கேள்வி: எம்.பி.ஏ. படிக்கிறேன். அமெரிக்க அலுவலகங்களில் கறுப்பினப் பெண்கள் 'கண்ணில் படாமல் போகிறார்கள்' என்று பாடத்தில் வருகிறது. பெண்கள் கணக்கிலும் வருகிறார்கள், கறுப்பினத்தவர் கணக்கிலும் வருகிறார்கள். இரண்டு முறை எண்ணப்படுகிறவர்கள் எப்படிக் கண்ணில் படாமல் போவார்கள்?
- ஒரு மாணவர், திருச்சி

பதில்: நீங்கள் கேட்பதையே 1976-இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பாக எழுதியது.

மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் எம்மா டிகிராஃபன்ரீட் உட்பட ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். 1964-க்கு முன் அந்த நிறுவனம் அங்கே கறுப்பினப் பெண்களை அநேகமாக வேலைக்கு எடுத்ததே இல்லை. பிறகு எடுத்தார்கள். பொருளாதார மந்தம் வந்ததும் பணிமூப்பு பார்த்து ஆட்குறைப்பு செய்தார்கள். கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. கதவை வருஷக்கணக்கில் சாத்தி வைத்தவர்களே, 'நீ லேட்டாக வந்தவள்' என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? 1964-க்கு முன்பே பெண்களை எடுத்திருக்கிறார்கள், ஆகவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை. (அந்தப் பெண்கள் வெள்ளையர்கள்.) நிறம்தான் குறை என்றால், அதே நிறுவனத்தின் மேல் நடக்கிற இன்னொரு நிறப் பாகுபாட்டு வழக்கில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது. கேட்க விட்டால் புதுப்புதுப் பிரிவுகள் கிளம்பிவிடும். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். படிக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அந்த ஐந்து பேரும் எந்த வாசலில் நின்றாலும் 'அடுத்த வாசலுக்குப் போ' என்றுதான் பதில்.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இந்த வழக்கை எடுத்து அலசித்தான் 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். நிறம், பால் போன்ற பாகுபாடுகள் ஒருவர் மேல் ஒன்றாகக் குறுக்கிடுவதுதான் அது. நாற்சந்தியில் அடிபட்டவர் மேல் எந்தத் தெருவிலிருந்து வந்த வண்டி மோதியது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது அவர் காட்டிய உவமை.

அப்புறம் உளவியலாளர்கள் வந்தார்கள். 2008-இல் வேலரி பர்டி-வான்ஸும் ரிச்சர்ட் ஐபாக்கும் இப்படிக் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். அமெரிக்காவில் 'பெண்' என்றதும் மனசில் வெள்ளைப் பெண் வருகிறாள். 'கறுப்பர்' என்றதும் ஆண் வருகிறான். இரண்டு படத்திலும் பொருந்தாதவள் நினைவிலிருந்து நழுவிவிடுகிறாள். 2010-இல் செஸ்கோ, பியர்னாட் இருவரும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். முகப் படங்களைக் காட்டிவிட்டு, பிறகு புதிய படங்களோடு கலந்து காட்டினால், வெள்ளையர்கள் கறுப்பினப் பெண்களின் முகங்களைத்தான் அதிகம் தவறவிட்டார்கள். ஒரு கலந்துரையாடலைக் கேட்கவைத்து 'இதைச் சொன்னது யார்?' என்று கேட்டபோதும், கறுப்பினப் பெண்கள் சொன்னதைத்தான் அதிகமாக வேறு யார் கணக்கிலாவது எழுதினார்கள். மீட்டிங்கில் நல்ல யோசனை சொல்லிவிட்டு, பாராட்டு அடுத்த நாற்காலிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் படிப்புக்கு வருவோம். ப்ராஜெக்ட்டில் அட்டவணை போடும்போது பெண்கள் ஒரு வரிசை, கறுப்பினத்தவர் ஒரு வரிசை என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேரும் கட்டத்தைத் தனியாகப் போடுங்கள். 'அதில் ஆட்கள் கொஞ்சம், வேறு வரிசையோடு சேர்த்துவிடலாம்' என்று உங்கள் கைடு சொல்லக்கூடும். ஆட்கள் ஏன் கொஞ்சம் என்று அவரிடம் கேளுங்கள். செயின்ட் லூயிஸில் ஏன் கொஞ்சம் என்று மேலே பார்த்தோம்.