கேளுங்க, சொல்றோம்: முரட்டு ரோமத்துல செயற்கை இழை கலக்கலாமா?

கேள்வி: எங்க பக்கத்து ஆட்டு ரோமம் ரொம்ப முரடு. நூத்தா அங்கங்க அறுந்துபோகுது, ஸ்வெட்டர் பின்னி போட்டா உடம்பெல்லாம் குத்துது. பாலியஸ்டர் கலந்தா ரெண்டும் சரியாயிடுமா?

பதில்: அறுந்துபோறது சரியாகும், குத்துறது போகாது. இத தெரிஞ்சுக்கிட்டே இறங்குங்க, ஏன்னா கலந்துட்டா மெத்துன்னு ஆயிடும்னு நம்பி பணத்த போடுறவங்க நிறைய. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேல தடிச்ச முடியோட நுனிதான் தோல்ல குத்துது, நூத்துல அஞ்சு முடி அப்படி இருந்தாலே அரிப்பெடுக்கும். நூல முறுக்கும்போது நீளமான மெல்லிசான செயற்கை இழை உள்ளுக்குள்ள போயிடும், குட்டையான முரட்டு முடி வெளிப்பக்கமா ஒதுங்கும், கடைசில தோல்ல உரசுறது அதே முடிதான்.

ஆனா நூல் அறாம காப்பாத்துறதும் அந்த மெல்லிசு இழைதான். தடிச்ச முடின்னா ஒரு நூலுக்குள்ள கொஞ்சம்தான் அடங்கும், ஏதோ ஒரு இடத்துல நாலஞ்சு குறைஞ்சாலே அங்க விட்டுப்போகும். மெல்லிசு சேர்ந்தா எண்ணிக்கை கூடி நூல் ஒரே சீரா வரும்.

என்னைக் கேட்டா நைலான்தான் எடுப்பேன். கார்பெட் நூலுக்கு 80 பங்கு கம்பளி, 20 பங்கு நைலான்ங்கிறது நல்லா பழகின கலவை. கம்பளிக்குப் போடுற அதே ஆசிட் டை (அமிலம் சேர்த்துப் போடுற சாயம்) நைலான்லயும் பிடிக்கும், பாலியஸ்டருக்கோ டிஸ்பர்ஸ் டைங்கிற வேற வகை சாயம் வேணும், வழக்கமா 130 டிகிரி சூடு வேணும், அந்தச் சூட்டுல கம்பளி நைஞ்சுபோயிடும். வாங்கும்போது வெட்டு நீளம், அதாவது நைலான் இழைய வெட்டியிருக்கிற நீளம், உங்க ரோமத்து நீளத்துக்கு கிட்டத்தட்ட இருக்கான்னு பாருங்க. ரோமத்தோட பிசுக்கு போக அலசி காயவச்ச பிறகுதான் கார்டிங், அதாவது இழைகள சீவிப் பிரிக்கிறது.

அதுக்கு முன்னாடி ஒரு கொத்த கருப்புத் துணிமேல பரத்திப் பாருங்க, சுண்ணாம்பு வெள்ளையா, விறைப்பா, மடக்கினா முறியுற முடி தெரியும். அது சாயத்த சரியா பிடிக்காது, என்ன கலந்தாலும் தனியா துருத்திக்கிட்டு நிக்கும். அத முடிஞ்சவரை பிரிச்சு எடுத்துடுங்க, ஸ்வெட்டருக்குன்னா குட்டி ஆட்டு ரோமத்த தனியா ஒதுக்கிவைங்க, மிச்சத்த கம்பளத்துக்கும் விரிப்புக்கும் விடுங்க, அங்க அந்த முரட்டுத்தனம்தான் வேணும்.

கேள்வி: சுத்தக் கம்பளின்னு சொல்லி கலந்த நூல விக்கிறாங்க, எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: ஒரு துண்ட இடுக்கியில பிடிச்சு கொளுத்துங்க. சுத்தக் கம்பளின்னா முடி கருகுற வாடை வரும், ஆறினதும் நசுக்கினா சாம்பல் பொடியாகும். செயற்கை இழை இருந்தா உருகி கெட்டி கெட்டியா நிக்கும், சூட்டோட தொட்டுடாதீங்க, விரல்ல ஒட்டிக்கும். எத்தன பங்குன்னு இதுல தெரியாது, அதுக்கு லேப்லதான் குடுக்கணும்.